மண்டபம் பக்கம் ஆறு பேர் சாப்பிட வழி சொல்லுங்கள்

வணக்கம். மே கடைசி வாரம் ஐந்து நாள் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தங்கப் போகிறோம். அண்ணன் வாங்கிய டைம்ஷேர் (வருடத்துக்கு ஒரு வாரம் தங்கிக்கொள்ளும் உரிமை), இந்த வருடத்து வாரத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அறைக்கு வாடகை இல்லை, ஆனால் சாப்பாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மூன்று வேளையும் உள்ளேயே சாப்பிட்டால் ஆறு பேருக்குக் கட்டுப்படியாகாது.

அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் உடனே இரண்டு இட்லியாவது வயிற்றுக்குள் போக வேண்டும். போன வருடம் வேறொரு ஊரில் பஃபே திறக்கவே ஒன்பது மணி ஆகிவிட்டது. அம்மா கை நடுங்க பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் காலை ஏழு மணிக்கே இட்லி கிடைக்கும் மெஸ் அருகில் இருந்தால் சொல்லுங்கள், நடந்தே போய் வாங்கி வருகிறேன்.

பிள்ளைகளுக்கு மீன் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஆயிற்றே. பாம்பனில் அப்போது நாட்டுப்படகு மீன் ஓரளவு கிடைக்குமா? வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்துத் தரும் வீடு ஏதும் உண்டா? அறையில் சின்ன அடுப்பு இருக்கிறது என்கிறார்கள், ஆனால் மீன் சமைக்க விடுவார்களா என்று தெரியவில்லை. விட்டால் நானே வைத்துவிடுவேன், குண்டு மிளகாய்க்கு அந்த ஊரை விட்டால் வேறு எங்கே போவது!

அப்புறம், ஒரு நாள் ராமேஸ்வரம். தீர்த்தமாடி முடித்ததும் அம்மா சைவம்தான் சாப்பிடுவார். கோயில் பக்கம் காரம் குறைவான சாப்பாடு எங்கே கிடைக்கும்? சமீபத்தில் போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.