எஸ்இஎல்4 மைக்ரோகெர்னல் (மிகச் சிறிய இயங்குதளக் கரு): ஃபால்ட் ஹேண்ட்லருக்கு மெசேஜே வரமாட்டேங்குது

கதிர்_எம்பெடட்:
க்யூஎம்யூ எமுலேட்டரில் ஆர்ம் 64-பிட், எம்சிஎஸ் (கெர்னலின் இன்னொரு வகை, சிபியு நேரத்தையும் கட்டுப்படுத்தும்) இல்லாத டீபக் பில்ட். ஒரு த்ரெட் வேண்டுமென்றே முகவரி 0-இல் எழுதுகிறது. இன்னொரு த்ரெட் எண்ட்பாயிண்டில் (மெசேஜ் வந்துசேரும் வாசல்) ரிசீவ் போட்டுக் காத்திருக்கிறது, ஒன்றும் வரவில்லை. கன்சோலில் மட்டும் 'காட் கேப் ஃபால்ட் இன் சென்ட் ஃபேஸ்', அதோடு விஎம் ஃபால்ட் (மெமரிப் பிழை) என்றும் வருகிறது. தப்பு மெமரியில்தானே, கேப் (கேபபிலிட்டி, அதாவது அனுமதிச் சீட்டு) ஃபால்ட் எங்கிருந்து முளைத்தது? லினக்ஸ் சிக்னல் மட்டுமே தெரிந்தவன், பொறுமையாகச் சொல்லுங்கள்.

பேஜ்டேபிள்_பாண்டி:
நடந்தது இரண்டு ஃபால்ட், தம்பி. லினக்ஸில் ஹேண்ட்லர் அதே த்ரெட்டில் ஓடும். இங்கே கெர்னல் எதையும் சரிசெய்யாது. விழுந்த த்ரெட்டை நிறுத்தி, அதன் பெயரில் ஒரு ஐபிசி மெசேஜ் (த்ரெட்களுக்கிடையே போகும் செய்தி) அனுப்பும், அவ்வளவுதான். விஎம் ஃபால்ட் என்றால் அந்த மெசேஜில் இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயிண்டர், தொட்ட முகவரி, அது இன்ஸ்ட்ரக்‌ஷன் எடுக்கப் போனபோதா, ஃபால்ட் ஸ்டேட்டஸ் ஆகியவை இருக்கும்.

உங்களுக்கு அந்த அனுப்புதலே தோற்றுவிட்டது, அதுதான் இரண்டாவதான கேப் ஃபால்ட். அப்படியானால் கெர்னல் த்ரெட்டை அப்படியே முடக்கிப்போடும். டீபக் பில்ட் என்பதால்தான் அந்த ஒரு வரியாவது கிடைத்தது.

டிசிபியில் (த்ரெட்டின் விவரம் வைக்கும் கெர்னல் பொருள்) ஃபால்ட் எண்ட்பாயிண்டுக்கென்று கொடுத்த ஸ்லாட் எண் யாருடைய சிஸ்பேஸில் (கேப்கள் இருக்கும் அட்டவணை) இருக்கிறது? நீங்கள் ஓட்டும் பில்டில் விழுந்த த்ரெட்டின் சிஸ்பேஸில்தான் கெர்னல் தேடும், ஹேண்ட்லருடையதில் இல்லை. புதிதாக வருகிற எல்லோரும் இடறுகிற கல் இது.

கதிர்_எம்பெடட்:
இரண்டுக்கும் ஒரே சிஸ்பேஸ்தான் அண்ணா. பேட்ஜ் (அனுப்பியவரை அடையாளம் காட்டும் எண்) வைத்து மின்ட் பண்ணிய (நகலெடுத்த) கேப், ரைட் உரிமை மட்டும். மெசேஜ் அனுப்ப அது போதாதா?

ரிப்ளை_கேப்:
போதாது. ஃபால்ட் மெசேஜ் ஒரு அழைப்பு (கால்) மாதிரி, பதில் வரும்வரை த்ரெட் காத்திருக்கும். அதனால் ரைட்டோடு கிராண்ட் (கேப்பையும் சேர்த்து அனுப்பும் உரிமை) அல்லது கிராண்ட்-ரிப்ளையும் (பதில் போடும் கேப்பை மட்டும் தரும் உரிமை) வேண்டும். எம்சிஎஸ் பில்டில் இதை செட் பண்ணும்போதே சோதித்து எர்ரர் தந்துவிடும். உங்களுடையதில் விழுந்த பிறகுதான் தெரியும். எனக்கு எம்சிஎஸ் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

கதிர்_எம்பெடட்:
கிராண்ட்-ரிப்ளை சேர்த்ததும் வந்துவிட்டது, பேட்ஜும் சரி. ஆனால் இப்போது அதே முகவரிக்கு மெசேஜ் மழையாகக் கொட்டுகிறது.

பேஜ்டேபிள்_பாண்டி:
பேஜை மேப் பண்ணாமல் ரிப்ளை போட்டிருப்பீர்கள். விஎம் ஃபால்டுக்கு ரிப்ளை போனால் அதே இன்ஸ்ட்ரக்‌ஷன் மறுபடி ஓடும், மறுபடி விழும். முதலில் ஃபிரேமை (நிஜ மெமரித் துண்டை) அந்த முகவரியில் மேப் செய்யுங்கள், பிறகு ரிப்ளை. த்ரெட்டைச் சாகவிடத்தான் எண்ணம் என்றால் ரிப்ளையே போடாதீர்கள். நின்ற இடத்திலேயே நிற்கும், ரெஜிஸ்டர்களை நிதானமாக வாசிக்கலாம்.