நாஸ்காரில் முழுநேர ஓட்டுநராக நிலைக்க என்ன வேண்டும்? திறமையா, ஸ்பான்சரா?

கோவை_கியர்பாக்ஸ்:

எங்கள் ஊரில் மோட்டார் ரேஸ் பேச்சை எடுத்தாலே நரேன் கார்த்திகேயனில் தொடங்கி அவரிடமே வந்து முடியும். ஆனால் அவர் 2010-ல் அமெரிக்கா போய் நாஸ்காரின் (அங்கே ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பு) ட்ரக் சீரிஸில், அதாவது பிக்கப் வண்டிப் பந்தயத் தொடரில், ஓட்டியது பலருக்கு நினைவே இல்லை. மார்ட்டின்ஸ்வில்லில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே 13-ஆம் இடம். அந்த வருடக் கடைசியில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்த சீரிஸின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதையும் கொடுத்தார்கள் (இந்தியாவிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்து கிளிக் செய்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்புதான்). அடுத்த வருடமே ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பிவிட்டார், அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

என் சந்தேகம் இதுதான். ஸ்டாக் கார் (ரோட்டில் ஓடும் கார் மாதிரித் தோற்றமுள்ள ரேஸ் கார்) பந்தயத்தில் ஒருவன் முழுநேரமாகப் பிழைப்பது எப்படி? அணி சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுக்குமா, இல்லை ஓட்டுநர்தான் ஸ்பான்சரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டுமா? என் நண்பன் ஒருவன், "இடது பக்கமாவே வட்டம் அடிக்கிறதுக்கு என்னடா திறமை, காசு கொண்டு வர்றவனுக்கு சீட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பணக்கார அப்பா இல்லாமல் கீழே இருந்து மேலே வந்தவர்கள் யாராவது உண்டா? பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு ஆளின் கதையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஷார்லட்வாசி:

நான் இருப்பது வட கரோலினாவில். பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் ஷார்லட்டைச் சுற்றி, மூர்ஸ்வில், கான்கார்ட் பக்கம்தான் இருக்கின்றன, அதனால் எங்கள் அலுவலகத்தில்கூடத் திங்கட்கிழமை காலையில் இந்தப் பேச்சுதான் ஓடும்.

படிகள் ஏறக்குறைய இப்படி. சின்னப் பையனாக இருக்கும்போது கோ-கார்ட் அல்லது குட்டி ரேஸ் கார், அப்புறம் உள்ளூர் ட்ராக்கில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் லேட் மாடல் என்கிற ஸ்டாக் கார் வகைப் பந்தயங்கள், அப்புறம் ஆர்க்கா என்கிற கீழ்நிலை சீரிஸ், ட்ரக், அதற்கு மேல் இரண்டாம் நிலை சீரிஸ், கடைசியில் கப், அதுதான் நாஸ்காரின் உச்ச சீரிஸ். சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு, பணம் கட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு, கீழ்ப்படிகளில் இரண்டாம் வகைதான் அதிகம். மேலே போனால் சம்பளமும் பரிசுப் பணத்தில் பங்கும் கிடைக்கும், ஆனால் எவ்வளவு என்று வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் யாருக்கு எத்தனை டாலர் என்று அச்சிட்டே கொடுப்பார்கள், 2016-லிருந்து அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பணம் இல்லாமல் வந்தவர் என்றால் கார்ல் எட்வர்ட்ஸ். மிசூரிக்காரர், பள்ளியில் மாற்று ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, "ஓட்டுநர் தேவையா, நான் இருக்கிறேன்" என்கிற பாணியில் விசிட்டிங் கார்டு அடித்து, கண்ணில் பட்ட அணிக்காரர்களிடமெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். 2003-ல் ஜாக் ரவுஷ் ட்ரக் ஓட்டக் கூப்பிட்டார், அதிலிருந்து ஏறியதுதான். கார்டு கொடுத்ததனால் மட்டும் வேலை கிடைக்கவில்லை, கிடைத்த பழைய வண்டியில் அவர் ஓட்டிக் காட்டியதும் சேர்ந்துதான்.

ஏழாம்நம்பர்:

கேள்வியைப் படித்ததும் எனக்கு ஆலன் குல்விக்கிதான் ஞாபகம் வந்தார். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி பக்கத்தில் கிரீன்ஃபீல்ட். அப்பா ரேஸ் இன்ஜின் கட்டுகிறவர். ஆலன் 1977-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்து நாஸ்காரில் பட்டதாரி ஓட்டுநர் என்றாலே விநோதம், அதுவும் தெற்கத்தி ஆட்களின் கூட்டத்தில் ஒரு வடக்கத்தி ஆள், கையில் பிரீஃப்கேஸ் வேறு. உள்ளூர் ட்ராக்குகளில் ஓட்டிப் பெயர் வாங்கியபின், இருந்ததை விற்றுவிட்டு வட கரோலினாவுக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு ட்ரெய்லரை இழுக்கிற ட்ரக் தீப்பிடித்து எரிந்துபோனது. நாமாக இருந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்போம். அவர் வேறு வண்டி பிடித்து வந்து சேர்ந்தார்.

முதலில் ஓட்டக் கொடுத்த முதலாளி 1986-ல் பாதி சீசனில் அணியை விட்டு விலக, குல்விக்கி அதைத் தானே வாங்கிக்கொண்டார். ஒரே வண்டி, கையில் கொஞ்சம் ஆட்கள், அதோடு அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் பட்டம். முதல் வெற்றி 1988 நவம்பரில், ஃபீனிக்ஸில். ஜெயித்தவுடன் வண்டியைத் திருப்பி, எதிர்த்திசையில் ட்ராக்கை ஒரு சுற்று வந்தார். எல்லாரும் வலது பக்க ஜன்னல் வழியே பார்த்த வழக்கத்தை மாற்றி, ஓட்டுநர் உட்காரும் இடது பக்கம் கூட்டத்துக்கு நேராக இருக்கும்படி, கையசைத்துக்கொண்டே. அவர் போலந்து வம்சாவளி என்பதால் அதற்கு போலிஷ் விக்டரி லேப் என்று பெயர் வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு நேரான விஷயம் இனிமேல்தான். அந்தக் காலத்தில் பெரிய முதலாளி என்றால் ஜூனியர் ஜான்சன். அவர் 10 லட்சம் டாலர் தருகிறேன், என் வண்டியை ஓட்டு என்று கூப்பிட்டார். குல்விக்கி மாட்டேன் என்றார். வண்டியின் ஸ்பிரிங், எடை எந்தச் சக்கரத்தில் எவ்வளவு விழ வேண்டும், எல்லாவற்றையும் தானே முடிவு செய்து பழகிய ஆள், இன்னொருவர் அணியில் போய் 'நீ ஓட்டினால் போதும்' என்று சொல்லக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. விளைவு, 1991 தொடங்கும்போது நிரந்தர ஸ்பான்சர் இல்லை. அவருக்கு வர வேண்டிய காபிக் கம்பெனி ஸ்பான்சர் ஜான்சன் பக்கமே போய்விட்டது. அப்புறம் அட்லாண்டாவில் ஹூட்டர்ஸ் என்கிற உணவகக் கம்பெனி பணம் போட்டிருந்த வேறொரு வண்டி தகுதிச் சுற்றிலேயே தேறவில்லை. கம்பெனியிடம் பணம் இருக்கிறது, பெயரை ஒட்ட வண்டி இல்லை. குல்விக்கியிடம் வண்டி இருக்கிறது, பணம் இல்லை. அந்த வார இறுதியில் போட்ட ஏற்பாடுதான் கடைசிவரை தொடர்ந்தது. இதைத் திறமை என்பீர்களா அதிர்ஷ்டம் என்பீர்களா தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் அட்லாண்டாவில் ஓடத் தகுதியான வண்டியோடு நின்றது அவர்தான்.

1992 சீசன். செப்டம்பரில் டோவரில் மோதி 34-ஆம் இடம். ஆறு பந்தயங்கள் பாக்கி, முதலிடத்தில் இருந்த பில் எலியட்டைவிட 278 புள்ளி பின்தங்கல். ஒரு பந்தயத்தில் ஜெயித்தாலே 175 தான் என்றால் கணக்கு புரியும். அதிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, நவம்பர் 15 அட்லாண்டா கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது டேவி ஆலிசன் முதலிடம், குல்விக்கி 30 புள்ளி பின்னே, எலியட் 40 பின்னே. (நாஸ்காரின் பெருந்தலைகளான ரிச்சர்ட் பெட்டியின் கடைசிப் பந்தயமும் ஜெஃப் கார்டனின் முதல் கப் பந்தயமும் அதே நாள், அதே ட்ராக். எழுதிவைத்துச் செய்தாலும் இப்படி அமையாது.) முன்பக்க பம்பரில் தண்டர்பேர்ட் என்ற வண்டி மாடல் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தைப் பிய்த்துவிட்டு, 'அண்டர்டாக்' என்கிற சாயலில் 'அண்டர்பேர்ட்' என்று ஆக்கிக்கொண்டு வந்தார், தன்னை யாரும் எண்ணிக்கையில் வைக்கவில்லை என்கிற குத்தல்.

பந்தயத்தின் நடுவில் முதல் கியர் போய்விட்டது. பிட் ஸ்டாப்பில் (டயர் மாற்ற, எரிபொருள் போட ஒதுங்கும் இடத்தில்) நின்ற வண்டியை மேல் கியரில் உறுமவைத்து நகர்த்த வேண்டிய நிலை. எர்னி இர்வனின் வண்டி சுழன்று ஆலிசனை இடித்ததில் ஆலிசன் கதை முடிந்தது. மிச்சம் எலியட்டும் இவரும். எலியட் ஜெயித்தார், இவர் இரண்டாவது. ஆனால் பந்தயத்தில் முன்னணியில் ஓடிய சுற்றுகள் எலியட்டுக்கு 102, குல்விக்கிக்கு 103. அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தவருக்கு 5 போனஸ் புள்ளி. அது உறுதியாகும்வரை பிட்டுக்குள் வராமல், எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எரிபொருள் போட உள்ளே வந்தார்கள். பட்டம் 10 புள்ளி வித்தியாசத்தில். வண்டியை நிறுத்திவிட்டு, டிவி கேமரா வெளியே காத்திருக்க, மனிதர் உள்ளேயே உட்கார்ந்து தலையைச் சீவிக்கொண்டுதான் இறங்கினார்.

அடுத்த வருடம் ஏப்ரல் 1. பிரிஸ்டல் பந்தயத்துக்கு வரும்போது ஸ்பான்சரின் விமானம் விழுந்து, உடன் வந்தவர்களோடு அவரும் போய்விட்டார். 38 வயது. மறுநாள் காலை அவருடைய அணியின் ட்ரக் மழையில் பிரிஸ்டல் ட்ராக்கை மெதுவாகச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பியது. அந்த ஞாயிறு ஜெயித்த ரஸ்டி வாலஸ் எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார். மொத்தம் ஐந்தே வெற்றிகள், 207 பந்தயங்கள். ஆனாலும் 2019-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

டர்போ_திருச்சி:

ஏழாம்நம்பர் அண்ணா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் கேட்டவர் இன்றைக்கு என்ன நிலைமை என்றும் தெரிந்துகொள்ள வேண்டாமா? குல்விக்கி கதையைச் சொல்லி யாரையும் உசுப்பேற்றாதீர்கள், அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

2016-லிருந்து சார்ட்டர் முறை, அதாவது அணிகளுக்கான இட உரிமம். 36 சார்ட்டர்கள்தான், கையில் அது இருந்தால்தான் ஒவ்வொரு பந்தயத்திலும் இடம் நிச்சயம், வருமானத்திலும் நல்ல பங்கு. புதிதாக ஒருவன் சொந்த அணி கட்ட வேண்டும் என்றால் யாரோ விற்க வேண்டும், அதை வாங்கும் அளவுக்குப் பணம் வேண்டும். 2022-லிருந்து வந்த புது வண்டியில் முக்கியமான பாகங்கள் எல்லாருக்கும் ஒரே சப்ளையரிடமிருந்துதான், சொந்தமாகக் கண்டுபிடித்து முன்னே போகும் வாய்ப்பும் குறைந்துபோனது. குல்விக்கியின் பலமே அதுதானே?

ஜெயித்தால் ஸ்பான்சர் தானாக வருவார் என்பதும் பொய். 2017 சாம்பியன் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர். அவர் அணி ஃபர்னிச்சர் ரோ, டென்வரில் இருந்து ஓடிய அணி. பட்டம் வாங்கிய அடுத்த வருடமே முக்கியமான ஸ்பான்சர் போய்விட, 2018 முடிவில் கடையையே மூடிவிட்டார்கள். சாம்பியன் அணி, ஒரே வருடத்தில்!

இன்றைய ஆள் வேண்டும் என்றால் ராஸ் சாஸ்டெய்னைப் பாருங்கள். ஃப்ளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்பூசணி விளைக்கும் குடும்பம். வருடக்கணக்காகக் கடைசி வரிசை வண்டிகளை ஓட்டியே காலம் தள்ளினார். 2018-ல் ஒரு நல்ல அணி இரண்டாம் நிலை சீரிஸில் சில பந்தயங்கள் கொடுத்தது, லாஸ் வேகாஸில் ஜெயித்துக் காட்டினார், அடுத்த வருடத்துக்கு முழுநேர ஒப்பந்தமும் போட்டார்கள். டிசம்பரில் அந்த ஸ்பான்சர் கம்பெனியில் எஃப்.பி.ஐ. சோதனை. ஒப்பந்தம் காற்றோடு போனது. அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. 2019-ல் ட்ரக் ஓட்டப் போய் அங்கே ஜெயித்து, திரும்ப ஏறி, 2022 மார்ச்சில்தான் முதல் கப் வெற்றி. ஜெயித்தால் வண்டி மேல் ஏறி நின்று ஒரு தர்பூசணியைத் தரையில் போட்டு உடைப்பார், நம்ம ஊர்ப் பூசணிக்காய் உடைக்கிற மாதிரியே.

அதே வருடம் அக்டோபரில், நரேன் முதலில் ஓட்டிய அதே மார்ட்டின்ஸ்வில்லில், கடைசிச் சுற்றில் பத்தாவது இடத்தில் இருந்தார். சாம்பியன் பட்டத்துக்கான கடைசிக் கட்டத்துக்குத் தகுதி பெற இரண்டு இடம் முன்னேற வேண்டும். மனிதர் டாப் கியருக்குப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்து, வண்டியின் வலது பக்கத்தைச் சுவரில் சாய்த்து உரசியபடியே வளைவு முழுவதையும் கடந்து ஐந்து பேரைத் தாண்டினார். சின்ன வயதில் வீடியோ கேமில் செய்த வித்தையாம். அடுத்த சீசனுக்குள் இனி இப்படிச் செய்தால் தண்டனை என்று நாஸ்கார் சொல்லிவிட்டது.

ஷார்லட்வாசி:

டர்போ சொல்வது பாதி சரி. சொந்த அணி கட்டுவது போய்விட்டது, ஆனால் வண்டியின் போக்கை உணரும் ஓட்டுநரின் காதும் இடுப்பும் இன்னும் போகவில்லை. வட்டம் அடிப்பது திறமையா என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். ஹ்வான் பாப்லோ மொன்டோயா ஃபார்முலா ஒன்னில் ஏழு பந்தயம் ஜெயித்தவர். நாஸ்கார் கப்பில் அவர் ஜெயித்தது இரண்டு, 2007-ல் சொனோமா, 2010-ல் வாட்கின்ஸ் கிளென், இரண்டுமே வலது இடது என்று திரும்பும் சாலை ட்ராக்குகள். ஓவலில், அதாவது இடது பக்கமாகவே சுற்றும் நீள்வட்ட ட்ராக்கில், ஒன்றுகூட இல்லை. நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் 2023-ல் சிகாகோ தெருப் பந்தயத்தில் முதல் முறை கப் வண்டியில் ஏறி ஜெயித்துவிட்டார். அவருக்கும் ஓவல்தான் பரீட்சை.

ஓவலில் நடப்பது இதுதான். டயர் தேயத் தேய, எரிபொருள் குறையக் குறைய வண்டியின் குணம் சுற்றுக்குச் சுற்று மாறும். பின்பக்கம் வெளியே நழுவினால் லூஸ் என்பார்கள், முன்பக்கம் திரும்ப மறுத்துச் சுவரை நோக்கிப் போனால் டைட். அது வளைவின் தொடக்கத்திலா, நடுவிலா, வெளியேறும்போதா என்று ஓட்டுநர் ரேடியோவில் சரியாகச் சொன்னால்தான் க்ரூ சீஃப் (வண்டியின் தொழில்நுட்பத் தலைவர்) அடுத்த பிட் ஸ்டாப்பில் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். பின் கண்ணாடிப் பக்கம் ஒரு நீளமான ரெஞ்சைச் செருகி ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவதை டிவியில் பார்த்திருப்பீர்கள், அது ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மாற்றுவது. அந்த அரைச் சுற்றில் பத்து இடம் ஏறலாம், இறங்கலாம். இதைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஓட்டுநரை, கையில் பணமே இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் டெஸ்ட் ஓட்டவாவது கூப்பிடுவார்.

கோவை_கியர்பாக்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. நண்பனுக்கு லிங்க் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை, படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

ஏழாம்நம்பர் சார், ஒரு சந்தேகம். பட்டம் 10 புள்ளியில் என்கிறீர்கள், போனஸ் 5 தானே? அந்த ஒரு சுற்று எலியட்டுக்குப் போயிருந்தாலும் குல்விக்கிதானே ஜெயித்திருப்பார்?

ஏழாம்நம்பர்:

இல்லை, போட்டுப் பாருங்கள். எலியட் ஜெயித்ததற்கு 175, ஒரு சுற்றாவது முன்னணியில் இருந்ததற்கு 5, ஆக 180. குல்விக்கிக்கு இரண்டாம் இடத்துக்கு 170, முன்னணியில் இருந்ததற்கு 5, அதிகச் சுற்றுக்கு 5, அதுவும் 180. பந்தயத்துக்கு முன் இருந்த 10 புள்ளி அப்படியே நின்றது. ஒரே ஒரு சுற்று கை மாறியிருந்தால் இவருக்கு 175, அவருக்கு 185, மொத்தம் சமம். சமம் என்றால் அந்த சீசனில் அதிக வெற்றி யாருக்கு என்று பார்ப்பார்கள். எலியட்டுக்கு ஐந்து, இவருக்கு இரண்டு. பட்டம் எலியட்டுக்கே.

அப்படிச் சமனில் முடிவது கற்பனை என்று நினைக்காதீர்கள். 2011-ல் நடந்தது. டோனி ஸ்டூவர்ட்டும், மேலே ஷார்லட்வாசி சொன்ன விசிட்டிங் கார்டு கார்ல் எட்வர்ட்ஸும் ஆளுக்கு 2,403 புள்ளி. ஸ்டூவர்ட்டுக்கு ஐந்து வெற்றி, எட்வர்ட்ஸுக்கு ஒன்று, பட்டம் ஸ்டூவர்ட்டுக்கு. குல்விக்கிக்குப் பிறகு தன் சொந்த அணியில் ஓட்டிச் சாம்பியன் ஆனவரும் அவர்தான், ஆனால் அவருக்குக் கூட்டாளியாக ஒரு பெரிய தொழிலதிபர் இருந்தார் என்பதை டர்போ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.