ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்: ரோட்டுக்கும் டிராக் ஓட்டத்துக்கும் சேர்த்து முன் ஸ்பிரிங் 150ஆ, 175ஆ, 275ஆ?

வெள்ளைக்குதிரை89

வண்டி 1989 ஃபோர்டு மஸ்டாங் 5.0 (ஃபாக்ஸ் பாடி என்பது அந்தத் தலைமுறையின் பெயர்), ஐந்து கியர் மேனுவல், பின்னால் 8.8 ஆக்சில். வேலைக்குப் போய்வரவும் இதே வண்டிதான். ஓட்டம் இருக்கிற நாளில் பின் டயரை மட்டும் நன்றாகப் பிடிக்கும் டிராக் ரேடியலுக்கு மாற்றிக்கொண்டு கால் மைல் நேர்கோட்டு ஓட்டம் (டிராக் ரேஸ்) ஓட்டுவேன். பழைய ஸ்பிரிங்குகள் தளர்ந்து முன்பக்கம் இறங்கிவிட்டது, எப்படியும் மாற்றியாக வேண்டும்.

நான் உள்ளே உட்கார்ந்தபடி நான்கு சக்கரத்துக்கும் தராசு வைத்து எடுத்த எடை: முன் இடது 940 பவுண்டு, முன் வலது 910, பின் இடது 730, பின் வலது 680. மொத்தம் 3260. முதல் 60 அடிக்கு 1.85 வினாடி ஆகிறது. கிளட்சை விட்டதும் டயர் நன்றாகப் பிடிக்கிறது, அடுத்த கணமே சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

முன்னால், ஸ்ட்ரட்டின் (முன் சக்கரத்தோடு இணைந்த ஷாக் தூண்) மேலேயே ஸ்பிரிங் உட்காரும் காயில்ஓவர் செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். 150, 175, 275 என்று மூன்று ஸ்பிரிங் இருக்கிறது (ஓர் அங்குலம் அமுங்க இத்தனை பவுண்டு வேண்டும் என்ற கணக்கு). கம்பெனி ஸ்பிரிங் 400க்கு மேல் என்று படித்தேன். அப்படியானால் 275 போட்டாலே போதுமான மென்மைதானே? 150 போட்டால் ரோட்டில் படகு மாதிரி ஆடாதா? அப்புறம், கிளம்பும்போது பின்பக்கம் அமுங்கி உட்காராமல் இருக்க அங்கே கெட்டி ஸ்பிரிங் போடலாமா?

இரண்டாம்கியர்

ப்ரோ, முன்னால் எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லது. மூக்கு தூக்கினால்தான் எடை பின்னால் போகும். 150 போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பின்னால் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிட்டால் கெட்டியாகிவிடும், காசும் மிச்சம்.

பட்டறைவாசி

தம்பி, முதலில் அந்த 400ஐ மறந்துவிடுங்கள். அதையும் 275ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

உங்கள் வண்டியில் கம்பெனி ஸ்பிரிங் கீழ் ஆர்மின் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கை) நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் ஏறக்குறைய அரை அங்குலம்தான் அமுங்கும். இந்த விகிதம் கணக்கில் இரண்டு முறை வரும்: அமுங்குவதும் பாதி, ஆர்ம் வழியாகச் சக்கரத்துக்கு வரும் விசையும் பாதி. அதனால் சக்கரத்தில் கிடைப்பது ஸ்பிரிங் எண்ணில் கால் பங்கு. 400 பவுண்டு ஸ்பிரிங் டயருக்கு 100 பவுண்டு ஸ்பிரிங்தான். காயில்ஓவரில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. விகிதம் 0.95 என்று வைத்தால் அதன் வர்க்கம் 0.9. 150 போட்டால் சக்கரத்தில் 135, 175க்கு 157, 275க்கு 247. அதாவது நீங்கள் மென்மை என்று நினைக்கிற 275, இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. மூன்றிலும் மென்மையான 150கூட கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் கெட்டிதான். படகு பயம் வேண்டாம்.

ரோட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க இன்னொரு கணக்கு. சக்கரத்தில் கிடைக்கும் பவுண்டை, ஸ்பிரிங் தாங்குகிற எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து 3.13ஆல் பெருக்குங்கள். வண்டி வினாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்று வரும். முன் இடது 940இல் சக்கரம், பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரு 90 கழித்தால் 850. 150க்கு 1.25, 175க்கு 1.35, 275க்கு 1.7. சாதாரண ரோட்டு வண்டிகள் பெரும்பாலும் 1க்கும் 1.5க்கும் இடையில்தான் இருக்கும். 275 வளைவில் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல ஸ்பிரிங். உங்களுக்கு அல்ல.

இனி இரண்டாம்கியர் சொன்னதற்கு வருகிறேன். மூக்கு தூக்குவதால் எடை பின்னால் போவதில்லை. எடை பின்னால் போவதால்தான் மூக்கு தூக்குகிறது. எவ்வளவு போகும் என்பதை வண்டியின் எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் ஆகிய நான்கும் தீர்மானிக்கின்றன. இந்த வண்டிக்கு அச்சு இடைவெளி 100.5 அங்குலம். ஈர்ப்பு மைய உயரம் 20 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 1.85 வினாடியில் 60 அடி என்றால் முடுக்கம் சுமார் 1 ஜி. 3260ஐ 20ஆல் பெருக்கி 100.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 650 பவுண்டு. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

சரி, மென்மையான ஸ்பிரிங் என்னதான் செய்கிறது? 650இல் பாதி, அதாவது 325 பவுண்டு, ஒவ்வொரு முன் சக்கரத்திலிருந்தும் கழியும். 275 போட்டால் மூக்கு 1.3 அங்குலம் எழும், 150 போட்டால் 2.4 அங்குலம். ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வித்தியாசம். அதனால் ஈர்ப்பு மையம் அரை அங்குலம் கூடுதலாக உயரும் என்றே வைத்தாலும் பின்னால் கூடுதலாகப் போகும் எடை 16 பவுண்டுதான். ஓட்டுநர் பாக்கெட்டைக் காலி செய்வதற்குச் சமம். மென்மையான ஸ்பிரிங்கின் உண்மையான பலன், எடை பின் டயருக்கு வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. மூக்கு எழ நேரமும் தூரமும் இருந்தால் பின் டயரில் பாரம் வெடுக்கென்று விழாமல் தொடர்ந்து ஏறிக்கொண்டே வரும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஸ்பிரிங்கைவிட, ஷாக் விரிவதைத் தடுத்து மெதுவாக்கும் விரிவு வால்வுதான். ஆகவே ஸ்ட்ரட்டில் விரிவைத் தனியாகத் திருகி மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரோட்டுக்கு இறுக்கிக்கொள்ளலாம், ஓட்டத்துக்குத் தளர்த்திக்கொள்ளலாம். எளிதாக விரிந்து மெதுவாக அமுங்கும் 90/10 ஷாக் வேண்டாம். ஒவ்வொரு மேட்டிலும் முன்பக்கம் மேலே போய் அங்கேயே தங்கிவிடும், தினமும் வேலைக்கு ஓட்டுகிற வண்டிக்கு ஆகாது.

டயர் பிடித்துவிட்டு உடனே சுற்றுகிறது என்றீர்கள். யாரையாவது பக்கவாட்டில் நின்று ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். சுற்ற ஆரம்பிக்கிற அந்தக் கணத்தில் மூக்கு மேலே போய் டக் என்று நிற்கிறது என்றால் ஸ்ட்ரட் முழுதாக விரிந்து முட்டுகிறது. முட்டும்போது உடல் முன் சக்கரங்களையும் இழுத்துத் தூக்கும், பின் டயருக்கு ஒரு குலுக்கல் போகும், பிடி விட்டுப்போகும். இதற்கு ஸ்பிரிங் மட்டும் தீர்வல்ல. வண்டி நிற்கும் நிலையில் ஸ்ட்ரட் இன்னும் மூன்று அங்குலமாவது விரிய இடம் இருக்க வேண்டும். வண்டியைத் தாழ்த்திப் பார்க்கும் ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன், தாழ்த்துவது விரிவுக்கு இடம் கொடுக்கும், ஆனால் பள்ளத்தில் விழும்போது அமுங்க இடம் இருக்காது. வீடியோவில் பின்பக்கம் முதலில் உயர்ந்து பிறகு திரும்ப இறங்கும்போது டயர் சுற்றினால் பின் ஷாக்கைப் பாருங்கள்.

என் தேர்வு 175, நீளம் 12 அங்குலம். உங்கள் எடைக்கு ஐந்து அங்குலம் அமுங்கி ஏழு அங்குலத்தில் நிற்கும். 150 எடுத்தால் ஆறு அங்குலம் அமுங்கும். அதற்கு 12 அங்குல ஸ்பிரிங் போதாது, மேட்டில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 14 அங்குலம் வேண்டும், அது ஸ்ட்ரட் மேல் உட்கார இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு விஷயம்: கம்பெனி அமைப்பில் ஸ்ட்ரட்டின் மேல்முனை வண்டியின் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங் தனியாக இருப்பதால். காயில்ஓவர் போட்டதும் முன்பக்க எடை முழுவதும் அந்த ரப்பர் மவுண்டுக்கு வந்துவிடும். அதை எடுத்துவிட்டு, பேரிங் வைத்த கேம்பர் பிளேட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடிக்கும் உலோகத் தகடு) போட வேண்டும். செட் விலையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் வெட்டுவது பற்றி: எட்டு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் 14 சதவீதம் கெட்டியாகும், உண்மைதான். வண்டியும் இறங்கும், ஆர்ம்களின் கோணமும் மாறும். பின்பக்கம் உட்காருவதைத் தீர்மானிப்பதே அந்தக் கோணம்தான். கெட்டியாக்கப் போய் இன்னும் உட்கார வைத்துவிடும் வாய்ப்பு உண்டு.

முன்சக்கரம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது முன்சக்கர ஓட்டம், டர்போ ஹேட்ச்பேக். இதே கணக்கா?

பட்டறைவாசி

கணக்கு அதேதான், உங்களுக்கு அது எதிரி. எடை பின்னால் போவதைத் தடுக்க முடியாது, ஆனால் பின்பக்கம் அமுங்குவதைக் குறைக்கலாம். அதனால் உங்கள் வண்டியில் கெட்டி ஸ்பிரிங் பின்னால் போகும், முன் ஷாக்கின் விரிவை இறுக்க வேண்டும். தனி இழையில் கேளுங்கள், இங்கே குழம்பிவிடும்.

வெள்ளைக்குதிரை89

அண்ணா, நன்றி. வீடியோ பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி மூக்கு மேலே போய் முட்டி நிற்கிறது, அங்கேதான் டயர் விடுகிறது. 175-12 எடுத்துவிடுகிறேன், பிளேட்டும் சேர்த்து. இரண்டு சந்தேகம். முன் ஆன்டி ரோல் பாரை (வண்டி பக்கவாட்டில் சாயாமல் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) கழற்றச் சொல்கிறார்களே, அதில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா? வலது பின் டயர்தான் எப்போதும் அதிகம் சுற்றுகிறது. பின் ஸ்பிரிங் எதைப் போடுவது?

பட்டறைவாசி

இரண்டும் ஒரே விஷயம்தான். கியர் பெட்டியிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆக்சிலை முறுக்கும்போது இடது பின் டயரைக் கீழே அழுத்தி வலதைத் தூக்கப் பார்க்கும். உங்கள் டி5 கியர் பெட்டியில் முதல் கியர் 3.35. இன்ஜின் 300 பவுண்டு-அடி கொடுத்தால் ஷாஃப்டில் 1000. இரண்டு பின் டயருக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து அடி. வகுத்தால் 200 பவுண்டு. அது முழுவதும் டயரில் தெரியாது. அதே முறுக்கு எதிர்த்திசையில் உடலையும் சாய்க்கும், சாய்வதைப் பின் சஸ்பென்ஷன் எதிர்க்கும்போது ஆக்சில் மேலுள்ள முறுக்கில் அந்த அளவு கழிந்துவிடும். முன் சஸ்பென்ஷன் எதிர்க்கிற பங்குதான் வலது இடது வித்தியாசமாகப் பின் டயரில் மிஞ்சும். முன் பார் கெட்டியாக இருந்தால் அந்தப் பங்கு கூடும். அதனால் ஓட்டத்தன்று அதன் இணைப்புக் கம்பியை ஒரு பக்கம் கழற்றிவிட்டாலே பலன் தெரியும். பின்னால் கெட்டியான ஆன்டி ரோல் பார் போட்டால் இன்னும் நல்லது. மென்மையான முன் ஸ்பிரிங் உதவுவதற்கும் இது ஒரு காரணம், மூக்கு தூக்குவதைப் பற்றியே பேசி இதை யாரும் சொல்வதில்லை. வீடு திரும்பும் முன் பாரை மறக்காமல் மாட்டுங்கள். கழற்றிய நிலையில் ரோட்டில் சட்டென்று திருப்பினால் வண்டி பயங்கரமாகச் சாயும்.

வலது பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்து அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்தம் ஏற்றுவது பழைய வழி. செலவு குறைவு, வேலையும் செய்யும்.

பின் ஸ்பிரிங் எண்ணை இப்போது சொல்ல முடியாது, ஒரு அளவு வேண்டும். அது கீழ் ஆர்ம் மேல், ஆக்சிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆர்மின் முன் போல்ட்டிலிருந்து ஸ்பிரிங்கின் நடுவரை ஒரு அளவு, அதே போல்ட்டிலிருந்து ஆக்சில் போல்ட் வரை ஒரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கம் எடுங்கள். பின்னால் ஒரு பக்கத்துக்குச் சராசரி 705 பவுண்டு, அதில் ஆக்சில் பாதி, சக்கரம், பிரேக் என்று 150 கழித்தால் 555. வினாடிக்கு 1.45 வேண்டுமென்றால் சக்கரத்தில் 120 பவுண்டு கிடைக்க வேண்டும். உதாரணத்துக்கு விகிதம் 0.7 வந்தால் வர்க்கம் 0.49, ஸ்பிரிங் 245. உட்காருவதை நிறுத்த இதற்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்கென்றே, மேல் ஆர்ம் ஆக்சிலில் பிடிக்கும் இடத்தை மாற்றும் பிராக்கெட் இருக்கிறது.

வண்டிக்கு அடியில் படுக்கும்போது டார்ச் அடித்து, மேல் ஆர்ம் உடலில் மாட்டியிருக்கும் பெட்டிகளின் மூலைகளையும் பாருங்கள். அங்கேதான் இந்த வண்டிகளில் தகடு கிழியும். பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தாலும் ஸ்பிரிங் வேலையை நிறுத்திவிட்டு முதலில் வெல்டிங். டயர் நன்றாகப் பிடிக்க ஆரம்பித்தால் அந்த இடத்துக்கு வரும் இழுப்பும் கூடும்.

இரண்டாம்கியர்

முன் உயரம் மாறியதும் டோவை (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம்) நிற்கும் நிலையில் ஒருமுறை, மூக்கை இரண்டு அங்குலம் தூக்கி வைத்து ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். என் வண்டி எழும்பும்போது ஸ்டீயரிங் தானாக இழுத்ததற்குக் காரணம் அதுதான்.