அன்ஸ்ப்ரங் வெயிட்: 'வில்கீழ் எடை' சரியாக வருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் எடையைக் குறைக்கும் வேலைக்கான சொற்பட்டியலில் மற்ற சொற்கள் எல்லாம் முடிந்துவிட்டன. எடைக்குறைப்பு பொதுச்சொல். வேண்டாததைக் கழற்றிப் போடுவது எடைகளைதல், அதே உறுப்பை லேசான உலோகத்தில் செய்து மாட்டுவது எடைமாற்று. மூன்றும் எனக்குச் சம்மதம். அன்ஸ்ப்ரங் வெயிட் ஒன்றில்தான், அதாவது ஸ்பிரிங்கின் மேல் ஏறாமல் சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் உறுப்புகளின் எடையில்தான், பத்து நாளாக நிற்கிறோம். (ஸ்பிரிங்கைத்தான் வில் என்கிறோம்.) இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருமுறை ஒட்டுகிறேன்:

> வில் தாங்கா எடை. மூலச்சொல்லின் எதிர்மறை அப்படியே வருகிறது.

> சக்கர எடை போதுமே. படித்ததும் புரியும்.

> சஸ்பென்ஷன் என்பதைத் தொங்கல் என்று முன்பே ஏற்றிருக்கிறோம். எனவே தொங்கா நிறை.

மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் அருமை எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை, ஏற்காட்டு மலைப்பாதையில்தான் விளங்கியது.

என் மச்சான் சேலம் அஸ்தம்பட்டியில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். 1965 மாடல். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. ஸ்பிட்ஃபயர் 1962-இல் வந்தபோது ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் உருவானது. அந்த ஹெரால்டு நம் சென்னையிலேயே தயாரான கார் என்பதால் பழைய உதிரிப்பாகம் இன்னும் தேடினால் அகப்படுகிறது. மொத்தக் காரே ஏறக்குறைய 700 கிலோதான். இதில் போய் எதைக் குறைப்பது என்று முதலில் நினைத்தேன். குறைத்தோம். தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட்டைச் சுரண்டினோம். கார்ப்பெட், கூரைத் துணியின் இரும்புச் சட்டம், பின்பக்க பம்பர், டிக்கியில் இருந்த ஸ்டெப்னி எல்லாம் வெளியே வந்தன. கழற்றியதை நிறுத்துப் பார்த்தால் 45 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மச்சானுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

மறுநாள் காலை அடிவாரத்திலிருந்து ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. இழுவை நன்றாகக் கூடியிருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் தார் பெயர்ந்த இடங்களில் கார் முன்னைவிட அதிகமாகத் தூக்கிப் போட்டது. வளைவில் பின்சக்கரம் சாலையைப் பிடிப்பதும் விடுவதுமாக வந்தது. லேசாக்கினால் நன்றாக ஓட வேண்டும் அல்லவா, இது ஏன் மோசமானது?

கீழே வந்து குனிந்து பார்த்தபோது பாதிப் பதில் கிடைத்தது. பின்பக்கத்தில் பாரம் போனதால் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) மேலிருந்த அழுத்தம் குறைந்து, உடல் இரண்டு விரற்கடை எழுந்து நின்றது. இந்த மாடலில் பின்சக்கரங்கள் டிஃபரென்ஷியலை (இழுவையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) ஒட்டிய மூட்டிலிருந்து கதவு திறப்பதுபோல ஏறி இறங்கும். உடல் எழுந்தால் சக்கரத்தின் மேல்விளிம்பு வெளியே சாயும், அடி உள்ளே போகும். வளைவில் இது ஆபத்து. 1970-இல் வந்த நான்காம் மாடலில் பட்டை பொருத்தும் முறையையே மாற்றியதற்கு இந்தக் கோளாறுதான் காரணம். நாங்கள் பட்டைக் கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவி உடலைப் பழைய உயரத்துக்கு இறக்கினோம். அந்தப் பயம் போயிற்று. தூக்கிப் போடுவது மட்டும் போகவில்லை.

மீதிப் பதில் சக்கரத்தில் இருந்தது. பள்ளத்தில் விழுந்து ஏறும் சக்கரத்தைத் திரும்பத் தரைக்கு அழுத்துவது வில்லின் வேலை. சக்கரமும் அதோடு சேர்ந்து ஆடுகிற பிரேக், குடம் (ஹப்), அச்சு எல்லாமும் எவ்வளவு கனமோ அவ்வளவு உந்தத்தோடு அவை மேலே கிளம்பும், அவ்வளவு தாமதமாகத் தரைக்குத் திரும்பும். மேலே உள்ள உடல் கனமாக இருந்தால் அந்த அடியை உள்வாங்கி அசையாமல் இருக்கும். உடலை மட்டும் லேசாக்கிச் சக்கரத்தை அப்படியே விட்டால், சின்ன உடலைப் பெரிய சக்கரம் ஆட்டி வைக்கும். எங்கள் 45 கிலோவும் வில்லுக்கு மேலே இருந்து போனது. வில்லுக்குக் கீழே ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

அப்புறம் அலுமினியக் கலவைச் சக்கரம் தேடி வாங்கினோம். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் பழையதையும் புதியதையும் டயரோடு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோதான் வித்தியாசம், நான்குக்கும் ஆறு கிலோ. அந்த ஆறு கிலோ செய்த வேலையை 45 கிலோ செய்யவில்லை. அதே பெயர்ந்த தாரில் ஸ்டியரிங் கையில் உதறாமல் நின்றது. (சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள். மெக்னீசியச் சக்கரம் இன்னும் லேசு. அதன் தாதுவான மேக்னசைட்டின் பெயரில் எங்கள் ஊரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது, வெட்டுவதில் பெரும்பகுதி உலைச் செங்கல்லுக்குப் போனாலும்கூட. இரும்புக்குக் கஞ்சமலை. ஒரு காரை லேசாக்கத் தேவையான உலோகக் கதை முழுவதும் சேலத்தைச் சுற்றியே கிடக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.)

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

'வில் தாங்கா எடை' என்பதைச் சங்ககிரியில் ஒரு லாரி டிரைவரிடம் சொல்லிப் பாருங்கள். ஓவர்லோடு என்றுதான் எடுத்துக்கொள்வார். "இவ்வளவு ஏத்தினா பட்டை தாங்காது" என்பது அங்கே அன்றாடப் பேச்சு. வில்லால் தாங்க முடியாத எடை என்று ஒரு பொருளும், வில்லின் மேல் ஏறாத எடை என்று இன்னொரு பொருளும் வருகின்றன. முதல் பொருளே முந்திக்கொள்ளும். கலைச்சொல் தப்பான பொருளை முதலில் தரக் கூடாது.

'தொங்கா நிறை' அதைவிடச் சிக்கல். பழைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் பெட்டியைத் தோல் வாரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதனால் அவர்களுக்கு அந்தச் சொல் வந்தது. நம் காரில் எதுவும் தொங்கவில்லை, உடல் வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. 'தொங்கல்' என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும் என்பேன், அது வேறு இழை.

'சக்கர எடை'தான் கேட்க இனிது. ஆனால் அதுதான் உண்மையில் தவறு. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் பின்பக்க டிஸ்க் பிரேக்கைச் சக்கரத்தில் மாட்டவில்லை, உள்ளே டிஃபரென்ஷியலை ஒட்டி மாட்டினார்கள். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது, ஆனால் அதன் எடையை உடல் சுமக்கிறது. எங்கள் ஸ்பிட்ஃபயரில் பின் பிரேக் சக்கரத்தோடேயே ஆடுகிறது. டிஃபரென்ஷியலையும் பாருங்கள். அம்பாசடரில் அது பின் ஆக்சிலோடு ஒரே உருப்படியாகக் குழியில் விழுந்து எழும். ஸ்பிட்ஃபயரில் அதை அடிச்சட்டத்தில் முடுக்கியிருக்கிறார்கள், குழி அதைத் தொடுவதில்லை. ஒரே உறுப்பு ஒரு காரில் கோட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொரு காரில் அந்தப் பக்கம். எனவே உறுப்பின் பெயரை வைத்துச் சொல் கட்ட முடியாது. கோட்டின் பெயரை வைத்துத்தான் கட்ட வேண்டும். அந்தக் கோடு வில்.

வில்லுக்கு வேறு எங்கும் போக வேண்டாம். கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் வித்தியாசம் நம் தாத்தாக்களுக்குத் தெரியும். பட்டையைப் போட்டு அதன்மேல் கூண்டை வைத்ததும் வண்டியின் பெயரையே மாற்றினார்கள். பள்ளிக்கூடப் பாடத்திலும் சுருள்வில் என்றுதான் படிக்கிறோம், ஆகவே பட்டை, சுருள் இரண்டுக்கும் வில் பொருந்தும். ஸ்ப்ரங் வெயிட் 'வில்மேல் எடை', அன்ஸ்ப்ரங் வெயிட் 'வில்கீழ் எடை'. இதுவே என் பரிந்துரை. எதிர்மறை தேவையில்லை, இடத்தைச் சொன்னால் போதும்.

புணர்ச்சி பற்றி நம் குழுவின் பேராசிரியர் ஐயா கேட்பார் என்று தெரியும். விதிப்படி 'விற்கீழ்' என்றுதான் வர வேண்டும். ஐயா மன்னிக்க வேண்டும், விற்கீழ் என்று எழுதினால் படிப்பவர் மனம் விற்பனைக்குப் போய்விடும். பாற்குடம் என்று யாரும் சொல்வதில்லை, பால்குடம்தான். தமிழ்நாட்டில் கால்பந்து நிலைத்துவிட்டது. இங்கேயும் லகரத்தை அப்படியே விடுவோம், வில் கண்ணில் தெரியட்டும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து

---

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

ஈ-டைப் உதாரணத்தோடு 'சக்கர எடை' விழுந்துவிட்டது, ஏற்றுக்கொள்கிறேன். கால்பந்து எடுத்துக்காட்டை மட்டும் ஏற்க மாட்டேன், நாங்கள் இங்கே காற்பந்து என்றே எழுதுகிறோம். பால்குடம் போதும்.

இரண்டு ஐயம். ஒன்று, இங்கே பேசுவது சடத்துவத்தைப் (நீங்கள் நிலைமம் என்பது) பற்றி. அப்படியானால் எடை பொருந்துமா? நீங்கள் 'நிறை' என்பதை நாங்கள் 'திணிவு' என்போம். நாங்கள் 'நிறை' என்றால் அது உங்களுடைய எடை. இரண்டாவது, சில வண்டிகளில் பட்டையை அச்சுக்கு அடியில் கட்டியிருப்பார்கள். அப்போது அச்சு வில்லுக்கு மேலே அல்லவா இருக்கிறது? அதை எப்படி வில்கீழ் என்பது?

---

அண்ணா, இரண்டும் நல்ல கேள்வி. காற்பந்தை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன குழப்பமே 'எடை' என்று வைக்க எனக்குக் காரணம். 'நிறை' என்று எழுதினால் சேலத்தில் ஒரு பொருள், யாழ்ப்பாணத்தில் இன்னொரு பொருள். 'எடை' என்றால் இரண்டு கரையிலும் தராசுதான் நினைவுக்கு வரும். இயற்பியல் துல்லியம் வேண்டிய இடத்தில் இங்கே வில்கீழ் நிறை, அங்கே வில்கீழ்த் திணிவு என்று எழுதிக்கொள்ளலாம். 'வில்கீழ்' என்ற முற்பகுதி மாறாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். மச்சானின் கொட்டகைக்குப் போய் ஸ்பிட்ஃபயரின் பின்பக்கத்தையும் மறுபடி பார்த்தேன். அதில் பட்டை குறுக்காக, டிஃபரென்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. நடுப்பகுதி உடலோடு அசையாமல் நிற்கிறது, இரண்டு நுனியும் சக்கரத்தோடு ஏறி இறங்குகின்றன. கண்ணால் பார்த்தால் டிஃபரென்ஷியல் பட்டைக்குக் கீழே. ஆனால் கணக்கில் அது வில்மேல் எடை. ஆக உங்கள் ஐயம் எங்கள் காரிலேயே தலைகீழாக இருக்கிறது.

இருந்தாலும் 'கீழ்' நிற்கும் என்றே நினைக்கிறேன். தமிழில் கீழ் என்பது உயரத்தை மட்டும் சொல்வதில்லை. ஒருவருக்குக் கீழே வேலை பார்க்கிறோம், கீழ்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போகிறோம். அது வரிசையைச் சொல்கிறது. சாலையிலிருந்து அடி ஏறிவரும் வரிசையில் வில்லுக்கு முந்தி உள்ளதெல்லாம் கீழ், பிந்தி உள்ளதெல்லாம் மேல். விளக்கத்தில் இதை எழுதிவிட்டால் குழப்பம் வராது. இப்படி வைக்கலாமா:

வில்கீழ் எடை: சாலையின் அடி வில்லைச் சேருமுன் அதைத் தாங்கி, சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் உறுப்புகளின் மொத்த எடை. டயர், சக்கரம், குடம் இவற்றோடு, வண்டியின் அமைப்பைப் பொறுத்து பிரேக்கும் அச்சும் டிஃபரென்ஷியலும் சேரும். ஒரு பக்கம் உடலிலும் மறுபக்கம் சக்கரத்திலும் பொருந்திய வில், ஷாக் அப்சார்பர், இணைப்புக் கைகள் ஆகியவற்றில் பாதி எடையைக் கீழ்க்கணக்கில் சேர்ப்பது வழக்கம்.

பேராசிரியர் ஐயா லகரத்துக்குச் சம்மதித்தால் பட்டியலில் ஏற்றிவிடலாம். 'வில்மேல் எடை'யையும் பக்கத்திலேயே போட வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது முழுதாக விளங்காது.