புது ரைபிள், புது ஸ்கோப்: சுடுதளத்தில் முதல் நாள் எது உறுத்தியது? (மலேசியத் துப்பாக்கி சுடுவோரின் பதில்கள்; பெயருக்குப் பதில் அவரவர் ஊர்)

செந்தூல்

.308 போல்ட் ரைபிள், மேலே 34 மி.மீ. குழாய் ஸ்கோப் (குறிபார்க்கிற தொலைநோக்கி), ஒரு கிளிக் 0.1 மில், அதாவது 100 மீட்டர்ல 1 செ.மீ. மத்ததெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், நேரா விஷயத்துக்கு வரேன். 100 மீட்டர்ல உயரமான தாள் கட்டி, தூக்குக்குண்டு விட்டு நேர்கோடு கிழிச்சு, கீழ்ப்புள்ளியைக் குறிவச்சு மூணு தோட்டா. அப்புறம் டரட்டை (உயரம் மாத்துற குமிழ்) 100 கிளிக் மேலே ஏத்தி, குறி அதே கீழ்ப்புள்ளிதான், இன்னொரு மூணு. கணக்குப்படி ரெண்டு குரூப்புக்கும் நடுவுல 100 செ.மீ. வரணும். நாடா 97.5 காட்டுது. 100 கிளிக் இறக்கினா பழைய ஓட்டை மேலேயே வந்து உட்காருது. அதான் உறுத்துது. திரும்பி வரத் தெரிஞ்ச ஸ்கோப்புக்குப் போகத் தெரியாதா?

கடையில கேட்டா "அது நார்மல்லா" என்கிறாங்க. 600 மீட்டருக்கு சுமார் 5 மில் ஏத்தணும். அதுல 2.5 விழுக்காடு குறைஞ்சா 7.5 செ.மீ. கீழே அடிக்கும். நார்மலாம்!

கெப்போங்

100 மீட்டர் என்று யார் சொன்னது? பலகையா, நாடாவா? ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூரம் 97.5 மீட்டராக இருந்தால் 10 மில் சரியாக 97.5 செ.மீ.தான், ஸ்கோப் சொன்னது உண்மை. பல தளங்களில் "100" என்பது பழைய கெஜக் கணக்கு, அதாவது 91.44 மீட்டர். லேசர் கருவியையும் நம்ப வேண்டாம், அதில் ஒரு மீட்டர் முன்பின் சாதாரணம். எஃகு நாடாவைப் பிடித்து, துப்பாக்கி இருக்கும் இடத்திலிருந்து தாள் வரை அளந்து விட்டுப் பிறகு ஸ்கோப்பைத் திட்டுங்கள்.

மூன்று தோட்டாவை வைத்து மில்லிமீட்டர் பேசுவதும் தப்பு. ஒரு மினிட் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) குரூப் போடும் ரைபிளில், அதாவது 100 மீட்டரில் 29 மி.மீ., மூன்று தோட்டாக் குரூப்பின் நடுப்புள்ளியே சுமார் 7 மி.மீ. அப்படி இப்படி ஆடும். இரண்டு குரூப்பின் இடைவெளியில் 1 செ.மீ. ஆட்டம் அதிலேயே போய்விடும். ஸ்கோப்பைச் சோதிக்கத் தோட்டாவே தேவையில்லை. போல்ட்டைக் கழற்றி, ரைபிளை அசையாதபடி இறுக்கி வைத்து, தாளில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, டரட்டைத் திருப்பத் திருப்ப ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறி) எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். காசும் மிச்சம்.

பாயான் லெப்பாஸ்

அவர் கேட்டது ஸ்கோப் பத்தி, நீங்க பள்ளிக்கூடக் கணக்கு சொல்றீங்க. பெட்டி டெஸ்ட் பண்ணாலே போதும், குமிழ்களைத் திருப்பி நாலு மூலையும் சுத்தி முதல் ஓட்டைக்குத் திரும்பினா ஸ்கோப் நல்லது.

சரி, எனக்கு உறுத்தினது இது. .22 புது ரைபிள், 50 மீட்டர். மேலே மாட்டினது 40 மி.மீ. முன்லென்ஸ் ஸ்கோப், பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தா குறியும் நகர்ற பிழை, 100 மீட்டர்ல மட்டும் வராதபடி தொழிற்சாலையிலேயே பூட்டினது. மணல்மூட்டையில ரைபிள் கல்லு மாதிரி நிக்குது. கன்னத்தை மட்டும் லேசா வலது பக்கம் சாய்ச்சா, ரெட்டிகிள் புள்ளி பத்து வளையத்தை விட்டு இறங்கி ஒன்பதுல நிக்குது. இடது பக்கம் சாய்ச்சா அந்தப் பக்க ஒன்பது. ரைபிள் அசையவே இல்லை! கணக்குப் போட்டா முன்லென்ஸ்ல பாதி 20 மி.மீ., 100-க்கும் 50-க்கும் தூர வித்தியாசம் பாதி, ஆக அதிகபட்சம் 10 மி.மீ. பிழை, ரெண்டு பக்கமும். 50 மீட்டர் தாள்ல பத்து வளையத்தோட முழு விட்டமே 10.4 மி.மீ.தான். அன்னைக்கு மூணு வகைத் தோட்டா மாத்திப் பார்த்து, மூணையும் குப்பைன்னு ஒதுக்கியாச்சு.

பாரலாக்ஸை மாத்துற பக்கக் குமிழ் இருக்கிற ஸ்கோப் வாங்கினாலும், அதுல அச்சடிச்ச எண்ணை நம்பாதீங்க. முதல்ல கண்பக்க வளையத்தைத் திருப்பி ரெட்டிகிளைக் கூர்மையாக்கணும், வெறும் வானத்தைப் பார்த்து. அப்புறம் தலையை ஆட்டிக்கிட்டே, புள்ளி நகராத வரைக்கும் குமிழைத் திருப்பணும்.

கெப்போங்

பெட்டி டெஸ்ட் திரும்பி வருகிறதா என்பதை மட்டும் காட்டும். எவ்வளவு தூரம் போனது என்பதைக் காட்டாது. செந்தூல்காரருக்கு இருக்கும் சிக்கலே அதுதானே.

பிரிக்பீல்ட்ஸ்

நம்ம ஊர்க் காத்து ஈரம், கனமான காத்து. அதனால தோட்டா சீக்கிரம் இறங்கும். அவருடைய 2.5 செ.மீ. அங்கதான் போயிருக்கும். தளத்துல இடம் கிடைக்கலைன்னா செம்பனைத் தோட்டத்துப் பின்னாடி ஒரு மண்மேடு பார்த்து அமைதியா டெஸ்ட் பண்ணுங்க.

ஜாலான் ஈப்போ

அண்ணே, ரெண்டுமே தப்பு. தோட்டத்துப் பேச்சை முதலில் விடுங்கள். .22 கூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், மண்மேட்டில் பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. ஏர் ரைபிளையே 1960 ஆயுதச் சட்டம் ஆயுதமாகத்தான் பார்க்கிறது. லெசென் போய்விட்டால் ஸ்கோப்பை வைத்து நிலா பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது, ஈரக் காற்று கனமல்ல, லேசு. வறண்ட காற்றின் மூலக்கூறு எடை சராசரி 29, நீராவிக்கு 18. கடல்மட்டத்தில் 15 டிகிரி வறண்ட காற்று ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ. நம்முடைய 32 டிகிரியில், ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் சுமார் 1.14. அந்தக் குறைவில் நாலு பங்கு வெயிலுடையது, ஒரு பங்குதான் ஈரத்துடையது. ஆகவே 15 டிகிரிக்குப் போட்ட அட்டவணையைப் பார்த்து ஏற்றினால் இங்கே மேலே அடிக்கும், கீழே அல்ல. அதுவும் 600 மீட்டரில்தான் தெரியும். 100 மீட்டரில், பத்து நிமிட இடைவெளியில் சுட்ட இரண்டு குரூப்புக்கும் காற்று ஒன்றுதான்.

இறங்குவதைப் பற்றிக் கவலைப்படுவதை விட, சுட்டுச் சூடான குழலின் தோட்டா அறையில் தோட்டாவை விட்டு வைக்காதீர்கள். கானல் அடங்கட்டும் என்று போல்ட்டை மூடிக் காத்திருந்தால் மருந்து சூடேறி வேகம் கூடும், அந்த ஒரு தோட்டா மட்டும் தனியாக மேலே போய் நிற்கும். குரூப்பிலிருந்து விலகிய அந்த ஓட்டைக்கு எத்தனை ஸ்கோப்புகள் பழி சுமந்திருக்கின்றன!

செராஸ்

என் பங்குக்கு ஒரே வரி: காரில் ஏர்கான், வெளியே இறக்கிப் பெட்டியைத் திறந்த மறு நொடி இரண்டு லென்ஸும் பால்போல வெளுத்துவிட்டன.

காரணம் எளிது. கே.எல். காற்றின் பனிநிலை 24 டிகிரி சுற்றுவட்டம். 20 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடி அதில் பட்டால் தண்ணீர் கோர்க்கத்தான் செய்யும். பெட்டியை மூடியபடியே நிழலில் அரை மணி நேரம் வையுங்கள், பிறகு திறங்கள். அவசரப்பட்டுச் சட்டை நுனியால் துடைத்தால் தூசி பூச்சைக் கீறும், முதலில் ஊதுபந்தால் ஊதி விடுங்கள். வெளியே துடைத்தும் போகாத மூட்டம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு கசிந்து உள்ளே நிரப்பிய நைட்ரஜன் போய்விட்டது, அதைத் திறந்து பார்க்காமல் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி, ஈரம் 40 முதல் 50. துணி அலமாரிக்குள் ஆறு மாதம் போட்டால் லென்ஸில் பூஞ்சை வேர்விடும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்பின் தட்டையான அடிப்பாகத்துக்கும் ரைபிள் மேலுள்ள ரெயிலுக்கும் நடுவில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை இறுகும் வரை அடுக்குங்கள், குழாய் தானாக மட்டமாகிவிடும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். வளையத்தின் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் குழாய் அந்தப் பக்கம் உருளும். முடிவில் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச், 2 நியூட்டன் மீட்டர். வளையத் திருகில் எண்ணெயோ பசையோ வேண்டாம், வழவழப்பில் அதே 2 இன்னும் கூடுதலாக நெரித்து குழாயில் பள்ளம் விழும். பசை ரெயில் திருகுக்கு மட்டும், நீல நிறம்.

செந்தூல் அண்ணே, இடைவெளி 97.5 என்றீர்கள், பக்கவாட்டைச் சொல்லவே இல்லையே. மேல் குரூப் தூக்குக்குண்டு நூலை விட்டு எவ்வளவு தள்ளி? ரசமட்டத்தை ரெயிலில் வைத்தீர்களா, அல்லது ரெட்டிகிளையே நூலோடு சேர்த்தீர்களா?

செந்தூல்

எஃகு நாடா பிடிச்சாச்சு. மேசையிலிருந்து தாளுக்கு 97.6 மீட்டர். மழைச்சாரலுக்காக மேசைகளை முன்னாடி நகர்த்தியிருக்காங்க, பலகை மட்டும் பழைய இடத்துக் கணக்கு. கெப்போங் அண்ணே, ஒத்துக்கிறேன்.

பக்கவாட்டு 3.5 செ.மீ. வலது. காத்துன்னு நினைச்சு விட்டது. ரசமட்டம் ரெயில்லதான் வச்சது, நூலோட சேர்க்கலை. 10 மில்லுக்கு 3.5 என்றால் ஸ்கோப் 2 டிகிரி சாய்வு, 600 மீட்டர்ல 10 செ.மீ.க்கு மேல. நான் சண்டை போட்ட 7.5-ஐ விட அதிகம்.

வளையத்தைப் பார்த்தேன். வலது இடைவெளியில ஒரு சீட்டுகூட நுழையலை, இடது பக்கம் மூணு நுழையுது. மாட்டிக் கொடுத்தது அதே கடை.