மட்டி இதயம் பெப்டைடுக்கு அசைய மாட்டேன் என்கிறது, அவசரம்!

காட்பாடி_மாணவன்:
எம்.எஸ்சி. புராஜெக்ட். மட்டியின் இதயத்தைத் தனியாக எடுத்து, கைமோகிராஃபில் (துடிப்பை வரையும் கருவி) கட்டி, ரிங்கர் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்) ஊற்றி எஃப்.எம்.ஆர்.எஃப்.அமைடு என்ற நரம்புப் பெப்டைடு (சின்னப் புரதத் துண்டு) போட்டேன். துடிப்பு ஏறும் என்றுதான் படித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடத்தில் இதயமே சுருங்கி நின்றுவிடுகிறது. ஏழு மட்டி போச்சு. வெள்ளிக்கிழமை சாரிடம் கிராஃப் காட்டணும்.

பாலாற்றங்கரை:
எந்த மட்டி தம்பி, கடலா ஏரியா? டோஸ் எவ்வளவு? எந்த ரிங்கர்? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் கிளி ஜோசியம்தான் பார்க்கணும்.

குடியாத்தத்துக்காரி:
ஃப்ரீசர்தான் காரணம், பந்தயம் கட்டுகிறேன். எங்கள் லேபில் கரண்ட் போய் வந்து ஒரு பெட்டி பெப்டைடே வீணாச்சு. அதிலுள்ள மெத்தியோனின் ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போகும். சின்னச் சின்னக் குப்பியாகப் பிரித்து உறைய வைத்தீர்களா?

பழைய_நண்டு:
முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வரலாம். 1977-ல் பிரைஸும் கிரீன்பெர்க்கும் கடல் கிளிஞ்சலின் நரம்பு முடிச்சிலிருந்து பிரித்தெடுத்த பெப்டைடு இது. நாலே அமினோ அமிலம், வாலில் ஒரு அமைடு (நைட்ரஜன் உள்ள சின்னத் தொகுதி). வாலில்லாத சரக்கை வாங்கியிருந்தால் இதயம் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லா மட்டியிலும் துடிப்பு ஏறும் என்பதும் பிழை, சிலவற்றில் அடங்கும். மைட்டிலஸ் என்ற கடல் மட்டியில், பாறையைப் பிடிக்கும் நூலை இழுக்கும் தசையில் குறைந்த அளவு போட்டால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும் இறுக்கம் தளரும், கூட்டினால் அதே தசை சுருங்கும். டோஸ் சொல்லாத கேள்விக்கு இவ்வளவு பதிலே அதிகம்.

காட்பாடி_மாணவன்:
காவேரிப்பாக்கம் ஏரி மட்டி சார். 1 மைக்ரோமோலார். அமைடு என்றுதான் குப்பியில் இருக்கு. தவளைக்குப் போடும் ரிங்கர்தான்.

ஆற்காட்டான்:
காவேரிப்பாக்கமா! பாலாற்று அணைக்கட்டுக் கால்வாய்த் தண்ணீர்தானே அந்த ஏரிக்கு வருது. ராணிப்பேட்டைத் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவு, குரோமியம். வேறென்ன வேணும்?

ஆம்பூர்வாசி:
மழை வராவிட்டாலும் தோல் ஷாப், மட்டி செத்தாலும் தோல் ஷாப். ஏரியில் உயிரோடு இருந்த மட்டி உங்கள் கிண்ணத்தில் வந்துதானே செத்தது?

ஆற்காட்டான்:
பாலாற்றங்கரையில் கிணறு வெட்டிக் குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாலாற்றங்கரை:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தவளை ரிங்கர் என்று இவர் சொன்னதை யாரும் கவனிக்கவில்லையா? ஏரி மட்டியின் ரத்தம் ரொம்ப நீர்த்தது, உப்புச் செறிவு தவளை ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தவளை ரிங்கரில் போட்டால் ஊறுகாய் மாதிரி நீர் இழந்து சுருங்கத்தான் செய்யும், பெப்டைடு பாவம் என்ன செய்யும்? ரிங்கரை ஐந்து மடங்கு நீர்க்க வைத்துப் பாருங்கள். ஆனால் வெறும் தண்ணீர் சேர்த்தால் கால்சியமும் குறைந்துவிடும், மட்டி ரத்தத்தில் அது தவளையைவிட அதிகம், அதனால் கால்சியம் குளோரைடு தனியாகச் சேர்க்கணும். முதலில் கரைசலில் மட்டும் அரை மணி துடிக்க விட்டு, சீரோட்டோனின் (மட்டி இதயத்தைத் தூண்டும் நரம்பு வேதிப்பொருள்) போட்டு இதயம் உயிரோடு இருக்கா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெப்டைடு.

பழைய_நண்டு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

குடியாத்தத்துக்காரி:
எங்கே சார் சொன்னீங்க?

காட்பாடி_மாணவன்:
துடிக்குது!! சீரோட்டோனினுக்கு நல்லா ஏறியது, பெப்டைடுக்கு லேசாக. நன்றி அண்ணா, சார் கூப்பிடுகிறார்.

பாலாற்றங்கரை:
லேசாக என்றால் எவ்வளவு? கழுவிவிட்டதும் பழைய துடிப்புக்குத் திரும்பியதா?

பாலாற்றங்கரை:
தம்பி?

ஆற்காட்டான்:
குரோமியம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்.