பழைய சக்திமான் லாரி மேட்டுல நின்னுடுது, தெரிஞ்சவங்க உதவுங்க
வணக்கம் நண்பர்களே, பந்தலூர் பக்கம் எஸ்டேட்ல சில்வர் ஓக் மரம் இறக்குறோம், வண்டி மிலிட்டரி ஏலத்துல எடுத்த சக்திமான், ஜெர்மன் மேன் கம்பெனி லைசென்ஸ்ல ஜபல்பூர்ல செஞ்சது, ஃபோர் வீல் போட்டா எந்தச் சேத்துலயும் இழுத்துடும். இப்போ லோடோட மேடு ஏறுனா அரை மணி நேரத்துல இழுவை செத்து ஆஃப் ஆயிடுது. ஏர் எடுத்தா, அதாவது டீசல் லைன்ல புகுந்த காத்த வெளியேத்தினா ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரத்துல திரும்ப அதே தான்.

டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு, காப்பர் வாஷரும் புதுசு, வெளிய ஒரு சொட்டு ஒழுகல. டேங்க்ல இருந்து டீசல இழுத்துக் குடுக்குற ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுற லைன்ங்கறதால டீசல் ஒழுகாமலே காத்து இழுக்கும், என் சந்தேகம் அங்கதான். கேன்ல டீசல் வச்சு தனி ஹோஸ்ல நேரா பம்புக்கு குடுத்துப் பாத்தா தெரிஞ்சிடுமா, இல்ல பம்பையே கழட்டணுமா? கோயம்புத்தூர்ல இதுக்கு பம்ப் ரிப்பேர் கிட் எங்க கிடைக்கும்? மழைக்குள்ள மரத்த இறக்கணும், ஓட்டுன அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்க.